என் பின்னால் ஏரியை வைத்தது யார்?

கெட்டில் லேக், மினசோட்டா
ஜூன் 23, திங்கட்கிழமை

‘கெட்டில் லேக் ஹெரால்ட்’ வார இதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய திருமதி கார்லா நைக்விஸ்ட் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் கணவரும், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடக்கத் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்ட தங்கள் தாயாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி வெர்னாவும் சுகம். கொசு அதிகம், மழை போதாது, தக்காளிச் செடியை மான் மேய்ந்துவிட்டது. மற்றபடி நாள் ஓடுகிறது. நான் முப்பத்தெட்டு வருடமாக ஒரு வாரம் விடாமல் தங்கள் இதழை வாங்கிப் படிப்பவன். மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்தொரு வருடம் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். இதுவரை ஒருமுறைகூடத் தங்களுக்குக் குறை சொல்லி எழுதாதவன். முன்னொரு தடவை என் மாமியாரின் இரங்கல் செய்தியில் வேறு யாருடைய படத்தையோ போட்டபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை என்பதை நினைவுபடுத்துகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வியாழன் இதழில், ஆறாம் பக்கத்தில், ‘இந்த வார மீன்’ பகுதியில் என் படம் வந்திருக்கிறது. படத்தில் நான் இருக்கிறேன். என் கையில் நாற்பத்தொன்பது அங்குல மஸ்கி மீன் இருக்கிறது. அதுவரைக்கும் சரி. எனக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? நான் அனுப்பிய படத்தில் எனக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது. வெள்ளை. சுத்தமான வெள்ளை. அந்த வெள்ளைக்காக நான் பட்ட பாட்டைக் கீழே எழுதுகிறேன். ஏதோ ஓர் ஏரியைப் போட்டிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மினசோட்டாவில் ஏரிக்கா பஞ்சம்? பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு, நான் எந்த இடத்தில் நின்று அந்த மீனைப் பிடித்தேனோ அதே இடத்தை, அதே திசையிலிருந்து, என் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறீர்கள்! என் மனைவியைத் தவிர இந்த உலகத்தில் ஒருவருக்கும் நான் சொல்லாத இடம் அது. தங்கள் அலுவலகத்துக்கு அதைச் சொன்னது யார்? எனக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

அது எந்த இடம் என்று இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். என்ன கேட்டாலும் எழுத மாட்டேன். பட்டுப்போன பைன் மரத்தில் கழுகுக் கூடு இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

ஒரு மீன் படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் செயின்ட் பால் நகரத்திலிருந்து இங்கே வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. அதனால் சொல்கிறேன். இந்த ஊரில் மீன் படத்தைப் பார்க்கிறவன் மீனைப் பார்ப்பதில்லை. மீன் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பின்னால் தெரிகிற மரத்தைத்தான் பார்ப்பான். மரம், பாறை, எவனோ ஒருவனுடைய படகுத்துறையின் கால், தண்ணீரில் விழுந்திருக்கிற நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான். பார்த்துவிட்டு பேப்பரை மடித்து வைத்து, ‘நல்ல மீன், ஆர்விட்’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அங்கே போய் நிற்பான். தொண்ணூற்றெட்டில் எனக்கு இதுதான் நடந்தது. பழைய மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால் எனக்கொரு இடம் இருந்தது. பதினாலு வருடம் எனக்கு மட்டும் இருந்தது. ஒரே ஒரு படம் ஹெரால்டில் வந்தது, அதன் ஓரத்தில் ஆலையின் புகைபோக்கி ஒரு விரல் அளவுக்குத் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை பதினொரு படகுகள். எண்ணினேன், பதினொன்று. ஒருவன் பாட்டுப் பெட்டியோடு வந்திருந்தான். அதோடு அந்த இடம் போயிற்று. எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. இந்த இடமும் போய்விட்டால் இன்னொன்று தேட எனக்கு முழங்காலும் கிடையாது, ஆயுளும் கிடையாது. என் பயம் இவ்வளவுதான், மேடம். ‘இந்த வார மீன்’ போட்டியும் வேண்டாம், அதற்குப் பரிசாகத் தருகிற தொப்பியும் வேண்டாம்.

அந்த மீனைப் பிடித்தது ஜூன் ஏழாம் தேதி, மஸ்கி பிடிக்க அனுமதி தொடங்கிய முதல் நாள். வெர்னா படகின் பின்பக்கம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மீனைத் தூக்கினேன். “சீக்கிரம் எடு, அதுக்கு மூச்சு முட்டுது” என்று நான் கத்த, “சிரி, அது செத்தா உன் மூஞ்சியப் பாத்துத்தான் சாகும்” என்று சொல்லிக்கொண்டே அவள் கைப்பேசியில் படம் எடுத்தாள். எடுத்ததும் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். மஸ்கியை இங்கே யாரும் கொன்று தின்பதில்லை. அளந்து, படம் எடுத்து, விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆகவே கடைசியில் ஒரு மனிதன் கையில் மிஞ்சுவது அந்தப் படம் ஒன்றுதான். அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கவும் மனசு வராது. காட்டினால் இடம் போய்விடும். இந்தச் சங்கடம் மீன் பிடிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போனேன். எங்கள் வீட்டுக் கணினி வெர்னாவுடையது. அதில் அவள் வம்சாவளி தேடிச் சேர்த்த கொள்ளுத் தாத்தாக்கள் முந்நூறு பேர் குடியிருக்கிறார்கள், எனக்கு இடமில்லை. நூலகத்தில் இருக்கிற டூலா கெஸ்டி நல்ல பெண் என்றுதான் அன்று காலைவரை நினைத்திருந்தேன். கணினியில் படம் திருத்துகிற மென்பொருளைத் திறந்து கொடுத்தாள்.

“இங்க ‘பின்னணியை நீக்கு’ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, மிஸ்டர் ஹால்வர்சன். அதை அழுத்துங்க. உங்களுக்குப் பின்னாடி இருக்கிறதெல்லாம் போயிடும்.”

“போயிடும்னா எங்க போகும்?”

“எங்கயும் போகாது. சும்மா போயிடும்.”

“எங்கயும் போகாம எப்படிம்மா போகும்? யார்கிட்டயாவதுதானே போகணும்?”

“யார்கிட்டயும் போகாது. இல்லாமப் போயிடும், அவ்வளவுதான்.”

நான் இதை நம்பவில்லை. முப்பத்தொரு வருடம் பனி தள்ளியவன் நான். தள்ளினால் பனி இல்லாமல் போவதில்லை. சாலை ஓரத்தில் மலை மாதிரி கிடக்கும், ஏப்ரல் வரைக்கும் கிடக்கும். ஒன்றை ஓரிடத்திலிருந்து எடுத்தால் இன்னோரிடத்தில் அது இருந்தே தீரும். என் ஏரியை எடுத்து அந்த மென்பொருள் எங்கே குவித்து வைத்திருக்கிறது, அங்கே யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் எழுந்த சந்தேகம். இருந்தாலும் அழுத்தினேன்.

முதல் தடவை மீன் போய்விட்டது. நான் மட்டும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, யாரோ ஒரு பிள்ளையைக் கொடுக்கப்போகிறார்கள் என்று காத்திருப்பவன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் ஏரியும் மரமும் அப்படியே இருக்கின்றன. மறைக்க வேண்டியதை வைத்துக்கொண்டு காட்ட வேண்டியதை அழித்திருக்கிறது. இது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். இரண்டாம் தடவை நான் போய்விட்டேன், மீன் மட்டும் அந்தரத்தில் மிதந்தது. அதையே அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வெர்னாவின் வாய்க்குப் பயந்து விட்டுவிட்டேன். மூன்றாம் தடவை நானும் மீனும் இருந்தோம், ஏரி இல்லை. ஆனால் எங்களுக்குப் பின்னால் வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் போட்ட மேஜைத் துணி ஒன்று விரிந்து கிடந்தது.

“இது யாரு வீட்டுத் துணி?” என்று கேட்டேன்.

“அது துணி இல்லை, மிஸ்டர் ஹால்வர்சன். அங்க ஒண்ணும் இல்லைங்கிறதுக்கு அடையாளம்.”

“ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லாம இருக்கணும். கட்டம் எதுக்கு?”

“வெள்ளையா மாத்தித் தர்றேன், கொஞ்சம் பொறுங்க” என்று மாற்றிக் கொடுத்தாள். அப்புறம் திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, “உங்க முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவுல கொஞ்சம் மிச்சம் இருக்கே” என்றாள். பார்த்தால், ஆமாம்! மீனைத் தூக்கி நிற்கும்போது கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு முக்கோணச் சந்து விழும் அல்லவா, அதற்குள் மட்டும் ஏரி அப்படியே இருந்தது. நீர்க்காக்கை எச்சம் போட்டு வெளுத்த பாறை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பாறை ஒன்று போதும், ஊரில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் பாய்ந்து திரையைக் கையால் மூடினேன். டூலா தலையைத் திருப்பிக்கொண்டு, “நான் ஒண்ணும் பாக்கலை” என்றாள். பார்க்காதவள் மிச்சம் இருக்கிறது என்று எப்படிச் சொன்னாள்? இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அழிப்பான் என்கிற ஒன்றைக் கையில் கொடுத்தாள். கையில் என்றால் கணினியின் எலியில். அதை வைத்துக்கொண்டு முக்கோணத்தை நானே அழிக்க உட்கார்ந்தேன். கை தவறி முழங்கைத் துணி கொஞ்சம் போயிற்று. அதைத் திருப்பி வரவழைக்கப் போய்ப் பாறை திரும்பி வந்தது. பாறையை அழிக்கப் போய் இடது காதின் நுனி போயிற்று. படகையும் விட்டுவைக்கக் கூடாதென்று அதையும் அழித்ததில் என் கால்கள் முழங்காலோடு போய்விட்டன. மூன்று மணி நேரம், மேடம். இந்த மூன்று மணி நேரமும் என் நாற்காலிக்கு ஐந்தடி பின்னால் கார்டி தோர்ஸ்கார்ட் உட்கார்ந்திருந்தான். மீன் இரை விற்கும் கடை வைத்திருக்கிற அதே கார்டிதான். செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் கடையை விட்டுவிட்டு அவனுக்கு நூலகத்தில் என்ன வேலை? பீர் டப்பாவில் எழுதியிருப்பதைத் தவிர அவன் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் போர்வை தைக்கும் பெண்கள் பத்திரிகை ஒன்றை விரித்து மூக்குவரை மறைத்துக்கொண்டிருந்தான். மூன்று மணி நேரத்தில் ஒரு பக்கமும் திருப்பவில்லை.

எழுந்து போகும்போது, “என்ன கார்டி, போர்வை தைக்கப் போறியா?” என்று கேட்டேன்.

“பேத்திக்கு” என்றான். அவனுக்குப் பேத்தியே கிடையாது.

இத்தனைக்கும் பிறகு தங்களுக்கு அனுப்பிய படம்தான் அது. வியாழக்கிழமை காலையில் வெர்னாதான் இதழை முதலில் பிரித்தாள். ஆறாம் பக்கத்துக்கு வந்ததும் அவள் குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கு வழியாக வந்தது. நான் பிடுங்கிப் பார்த்தேன். ஏரி! பாறை! கழுகு மரம்! படகில்லாமல், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், தண்ணீருக்கு நடுவில் நான் நிற்கிறேன்.  உடனே தங்களுக்குத் தொலைபேசி செய்தேன். தாங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “பின்னாடி வெறும் வெள்ளையா இருந்துது, ஆர்விட். பாஸ்போர்ட் படம் மாதிரி இருந்துச்சு. அதான் பக்கம் கட்டுற லொரெய்ன் நம்ம பழைய படத்துலேருந்து ஒரு ஏரியை எடுத்துப் போட்டா. ஏன், நல்லாத்தானே இருக்கு?” என்றீர்கள். “எந்த ஏரி, எந்த இடம்னு பாத்தீங்களா?” என்று கேட்டேன்.  அந்தப் பக்கம் யாரோ தங்கள் காதில் ஏதோ சொன்னது கேட்டது. “ஐயையோ” என்றீர்கள். என்னிடம் சொன்ன ‘ஐயையோ’ இல்லை அது, காதில் சொன்னவரிடம் சொன்னது. அப்புறம் அடுப்பில் ஏதோ கருகுகிறதென்று தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். பத்திரிகை அலுவலகத்தில் ஏது அடுப்பு?

சரி, நானே விசாரிக்கலாம் என்று கிளம்பினேன். முதலில் கார்டி கடை. நான் கேள்வி கேட்கும் முன்பே, “எந்த இடம்னு நான் கேக்கலைப்பா. கேக்கவும் மாட்டேன்” என்று கையைத் தூக்கிக்கொண்டான். இந்த நாற்பது வருடத்தில் ‘எங்க பிடிச்சே’ என்று கேட்காமல் அவன் யாருக்கும் ஒரு புழு விற்றதில்லை. போதாததற்கு ஒரு டஜன் குஞ்சு மீனைப் பையில் போட்டு, “வச்சுக்கோ, சும்மாதான்” என்றான். கார்டி சும்மா கொடுத்தான் என்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து காபிக் கடைக்குப் போனேன். பெரிய மேஜையில் ஒன்பது பேர் உட்கார்ந்து என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  “இது எந்த இடம்னு தெரியுதா உங்களுக்கு?” என்று பொதுவாகக் கேட்டேன். “தெரியலையே!” என்றார்கள். ஒன்பது பேரும், ஒரே நேரத்தில்! ஒரு குட்டையைக் காட்டினாலும் ஒன்பது பெயர் சொல்லி ஒருவரோடொருவர் சண்டை போடுகிற மேஜை அது. எங்கள் சர்ச் பாஸ்டர் மட்டும் எழுந்து வந்து தோளில் தட்டி, “தண்ணி மேல நிக்கிற ஆளைப் பைபிளுக்கு அப்புறம் இப்பத்தான் பாக்கிறேன், ஆர்விட்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அளவுக்கு மேல் சிரித்தார்கள்.

மூன்றாவதாக லொரெய்ன் வீடு. நான் போன நேரம் அவள் கதவைத் திறக்கவில்லை. சன்னல் திரை அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவள் கணவன் வென்டல்தான் வெளியே வந்தான். தோள்பட்டை போய்விட்டது, இனிமேல் மஸ்கியெல்லாம் நமக்கு ஆகாது என்று ஐந்து வருடமாகச் சொல்லித் திரிகிறானே, அதே வென்டல்தான். “லொரெய்னுக்கு உடம்பு சரியில்லை, ஆர்விட். படுத்திருக்கா. இந்தா, இதைக் கொண்டுபோ” என்று அலுமினியத் தாள் போட்டு மூடிய ஒரு தட்டைக் கையில் திணித்தான். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு அவித்தது, இன்னும் சூடாக இருந்தது. படுத்திருக்கிறவள் சூடாக எப்படிச் சமைத்தாள்? எங்கள் ஊரில் ஒருவருக்கு மூடிய தட்டு கொடுத்தால் அந்த வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கொடுத்தவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். என் வீட்டில் யாரும் சாகவில்லை.

அன்று மத்தியானமே படகை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் காவல் உட்கார்ந்துவிட்டேன். தெற்குக் கரையில் ஹாகன் படகுத்துறையிலிருந்து பார்த்தால் தெரியாது, நாணலைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஆகவே வருகிறவன் தற்செயலாக வர முடியாது. வியாழன் யாரும் வரவில்லை. வெள்ளி, ஒருவரும் இல்லை. சனிக்கிழமை, ஏரி முழுக்கப் படகு, வெளியூர்க்காரர்களெல்லாம் பாட்டும் கூத்துமாகச் சுற்றுகிறார்கள். நாணலைத் தாண்டி ஒரு படகு இல்லை. வெர்னா கொடுத்தனுப்பிய சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். மேடம், பதினொரு படகு வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. ஊருக்கே தெரிகிற மாதிரி பேப்பரில் போட்டாயிற்று, ஆனால் ஒருவரும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு நான் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என் சந்தேகம் நிரூபணமாயிற்று. நாணலுக்குப் பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. தலையை நீட்டிப் பார்த்தால், வென்டல்! தோள்பட்டை போன வென்டல், படகில் நின்றுகொண்டு, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து நாலு பக்கமும் பார்க்கிறான். கையும் களவுமாகப் பிடித்தேன்.

“என்ன வென்டல், எங்க இந்தப் பக்கம்?”

ஆள் திருதிருவென்று விழித்தான். “வழி தவறிட்டேன், ஆர்விட்” என்றான்.

“நாப்பத்தஞ்சு வருஷமா இந்த ஏரியில இருக்கே. வழி தவறிட்டியா?”

“வெயில் கண்ணுல அடிச்சுது.”

அன்றைக்கு வானம் முழுக்க மேகம். “நீ பாட்டுக்கு உக்காரு, ஒண்ணும் கவலைப்படாதே” என்று சொல்லிவிட்டு ஆள் கம்பி நீட்டிவிட்டான். எதற்குக் கவலைப்பட வேண்டாம் என்கிறான்? கவலைப்பட ஏதோ ஒன்று இருப்பதால்தானே?

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அந்த ஏரிப் படம் தங்கள் அலுவலகத்துக்கு எப்படி வந்தது, இருக்கிற ஆயிரம் படத்தில் லொரெய்ன் அதை ஏன் எடுத்தாள், அவளிடம் சொன்னது டூலாவா கார்டியா அந்த மென்பொருளா என்று விசாரித்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த வியாழன் இதழில், ‘படத்தில் காணும் இடத்துக்கும் திரு. ஹால்வர்சனின் மீனுக்கும் சம்பந்தமில்லை, அவர் நின்றது வேறெங்கோ’ என்று திருத்தம் வெளியிட வேண்டும். அது பொய்தான். தாங்கள் போட்ட ஏரிக்கு இந்தப் பொய் பரிகாரமாக இருக்கட்டும்.

தங்கள் தாயாரின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். தங்கள் தோட்டத்துக்கு மழையும், தங்கள் இதழுக்கு விளம்பரமும், தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல புத்தியும் குறைவில்லாமல் கிடைக்கட்டும் என்று நானும் வெர்னாவும் வேண்டிக்கொள்கிறோம். தங்கள் கணவரை விசாரித்ததாகச் சொல்லவும். அவர் மஸ்கி பிடிக்கிறவரா என்பதையும் தெரிவிக்கவும்.

மரியாதையுடனும் முழுச் சந்தேகத்துடனும்,
ஆர்விட் ஹால்வர்சன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். வெர்னா கையிலிருந்து வாங்கி, நின்றுகொண்டே படித்தாள். படித்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் அப்படி உட்கார்ந்தால் எனக்கு நல்லது நடந்ததில்லை.

“ஆர்விட், அந்த இடம் எல்லாருக்கும் தெரியும்” என்றாள்.

“அதைத்தானே நான் எழுதியிருக்கேன்! வியாழக்கிழமையிலேருந்து ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.”

“வியாழக்கிழமையிலேருந்து இல்லை. தொண்ணூத்தொம்பதுலேருந்து.”

 அவளே தொடர்ந்தாள். “அந்தப் பதினொரு படகு வந்ததுக்கு அப்புறம் நீ என்ன பண்ணினேன்னு ஞாபகம் இருக்கா? படகை விக்கறதுக்குப் பலகை எழுதி வாசல்ல வச்சே. அந்தக் கோடை முழுக்க சமையலறையில சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தே. எனக்குப் பயமாயிடுச்சு. அடுத்த வருஷம் இந்த இடம் கிடைச்சதும் சீட்டி அடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தே. நான் சர்ச்சுல போய்ச் சொன்னேன். ‘ஆர்விட்டுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு, கழுகு மரத்துக்கிட்ட. தயவுசெஞ்சு யாரும் போகாதீங்க’ன்னேன். யாரும் போகலை. வெளியூர்க்காரன் எவனாவது அந்தப் பக்கம் திரும்பினா கார்டியும் வென்டலும் போய், பாறை இருக்கு, மோட்டார் உடைஞ்சிடும்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமை வென்டல் அதுக்குத்தான் வந்தாரு. பேப்பரைப் பாத்துட்டு எவனாவது வந்துடப்போறானேன்னு.”

“அப்ப லொரெய்ன்?”

“பாவம் அவ. இத்தனை வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அது உனக்கு ரகசியம்ங்கிறதே அவளுக்கு மறந்துபோச்சு. உன் பின்னாடி வெள்ளையா இருக்கேன்னு, நீ எப்பவும் நிக்கிற இடத்தையே தேடி எடுத்துப் போட்டுட்டா. நாலு நாளா அழுதுகிட்டு இருக்கா.”

“எனக்காக அவங்க ஏன் இதெல்லாம் பண்ணணும்? அவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டாம். முப்பத்தொரு வருஷம் விடியறதுக்குள்ள அவங்க வாசல் பனியையும் சேத்துத் தள்ளிவிட்டுப் போனது யாரு? கேட்டா தள்ளினே? தேவதை வந்து லாரி அகலத்துக்கு வழி வெட்டிட்டுப் போச்சுன்னா நினைச்சுக்கிட்டு இருப்பாங்க?”

மேடம், தனியார் வாசலில் பனி தள்ளுவது துறை விதிக்கு முரணானது. என் வேலையே போயிருக்கும். அதை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நான் இன்றுவரை நினைத்திருந்தேன். ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது, ஒருவரும் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக ஒரு நல்ல மஸ்கி இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஒருவன் அப்படி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் இருந்திருக்க மாட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், நான் அழுதுவிட்டேன். வெர்னா கைக்குட்டை கொடுத்தாள். மேலே எழுதியதில் ஒரு வரியையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். திருத்தமும் வேண்டாம். லொரெய்னிடம் படம் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள், முழங்காலுக்குக் கீழே ஏதாவது சேர்த்திருக்கலாம் என்று மட்டும்தான் எனக்கு வருத்தம் என்று சொல்லுங்கள்.

வென்டல் இதுவரை நாற்பது அங்குலத்துக்கு மேல் ஒரு மஸ்கியும் பிடித்ததில்லை என்று வெர்னா சொல்கிறாள். இப்போதுதான் அவனோடு தொலைபேசியில் பேசினேன். சனிக்கிழமை என் படகில் அவனை அங்கே கூட்டிப்போகிறேன் என்றேன். ஆனால் இடம் என்றால் இடம்தான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படகுத்துறையிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.  அதற்கு அவன், “துணி நீ கொண்டுவர்றியா, நானே எடுத்துக்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டான்.